அணையைக் காக்கும் கைகள்

வருசநாட்டு மலைகளிலே தோன்றி வருவது வைகை. கம்பம் பள்ளத்தாக்கின் நீரைத் திரட்டிக்கொண்டு வருவது முல்லையாறு. சுருளியாறும் கொட்டகுடியாறும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. இவ்வாறு பல மலைகளினின்றும் இறங்கிவரும் நீர் அனைத்தும், ஆண்டிபட்டிக்கு அருகில், ஓங்கி நிற்கும் ஒரு சுவரின் முன்னே வந்து அடங்கி நிற்கின்றது. அச்சுவரே வைகை அணையாகும். 1959-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21-ஆம் நாள், அந்நாளைய முதலமைச்சர் காமராசர் அதனைத் திறந்துவைத்தார். அணையின் உயரம் 111 அடி. அதில் தேக்கிவைக்கும் நீரின் முழு அளவு 71 அடி.

விடுமுறை நாள்களில் அணையைக் காணப் பலரும் செல்கின்றனர். பூங்காவில் உலவுகின்றனர், மதகுகளின் வழியே சீறிப்பாயும் நீரைக் கண்டு வியக்கின்றனர், மாலையில் வீடு திரும்புகின்றனர். அவ்வாறு சென்று வந்த மாணவர் ஒருவரிடம், "அங்கே என்ன கண்டாய்?" என்று வினவினால், "நீரைக் கண்டேன், மதகைக் கண்டேன், பூஞ்சோலையைக் கண்டேன்" என்று விடை கூறுவார். ஆனால், அணைமேல் கையில் ஒரு குறிப்பேட்டுடன் நடந்து சென்ற மனிதரை அவர் கண்டிருக்க மாட்டார். கண்டிருப்பினும் கருத்தில் கொண்டிருக்க மாட்டார். இப்பாடம் அம்மனிதரைப் பற்றியது.

பொறியியல் என்றவுடன், புதியன கட்டுதலே நம் நினைவுக்கு வருகின்றது. பாலம் அமைத்தல், அணை எழுப்புதல், ஆலை நிறுவுதல் ஆகியவை பொறியியலின் ஒரு பாதியே. கட்டியதைக் காத்தல் மற்றொரு பாதி. ஓர் அணையைக் கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் போதும். அதனைக் காக்கும் பணிக்கோ முடிவு என்பதே இல்லை. தலைமுறை தலைமுறையாக நடைபெற வேண்டிய பணி அது. கட்டுகின்ற நாளில் ஊரே திரண்டு வந்து பார்க்கும். காக்கின்ற நாள்களில் யாரும் வந்து பார்ப்பதில்லை. ஆயினும், அணையை நம்பி வாழ்வோரின் உயிரும் உடைமையும் இந்த இரண்டாம் பாதியிலேதான் அடங்கியுள்ளன.

வைகை அணையை நம்பி வாழ்வோர் யாவர்? பெரியாறு பாசனப் பகுதியில் இருபோக நிலம் 45,041 ஏக்கர். ஒருபோக நிலம் 1,05,002 ஏக்கர். இவற்றுக்குரிய நீர் இவ்வணையினின்றே திறந்துவிடப்படுகின்றது. மதுரை மாநகர மக்கள் பருகும் நீரிலும் இவ்வணையின் பங்கு உண்டு. சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய வறண்ட நிலப்பகுதிகளின் கண்மாய்களும் வைகையின் வரவை எதிர்நோக்கிக் கிடப்பவையே. ஆகவே, ஆண்டிபட்டிக்கு அருகில் ஒரு மதகு திறக்குமாயின், நெடுந்தொலைவில் உள்ள ஓர் ஊரில் ஓர் உழவர் நாற்றங்காலை உழத் தொடங்குகிறார்.

இனி, அணையில் அன்றாடம் நிகழும் பணிகளைக் காண்போம். ஒவ்வொரு நாளும் நீர்மட்டத்தைக் குறித்தல் வேண்டும். வரும் நீர் எவ்வளவு, செல்லும் நீர் எவ்வளவு என்று கணக்கிடுதல் வேண்டும். அணையினின்று கசியும் நீரையும் அளந்து பார்த்தல் வேண்டும். எந்த அணையிலும் சிறிது நீர் கசிதல் இயல்பே. அதனால் அச்சம் இல்லை. ஆனால், கசிவு திடீரென மிகுமாயின், அல்லது தெளிந்து வந்த கசிவுநீர் கலங்கி வருமாயின், உள்ளேயிருந்து மண் அரித்துக்கொண்டு போகப்படுகின்றது என்று ஐயுறுதல் வேண்டும். இவ்வேறுபாட்டை முதலில் காண்பவர் தலைமைப் பொறியாளர் அல்லர்; நாள்தோறும் அவ்விடத்திலே நடந்து பழகிய எளிய ஊழியரே ஆவார். மதகுக் கதவுகளின் துருவை அகற்றி, ஏற்றியிறக்கும் பொறிகளுக்கு மசகிட்டு, கம்பி வடங்களைச் சோதித்து வைப்பவரும் அவரைப் போன்றோரே.

மழைக்காலம் வந்துவிட்டால் இப்பணி இன்னும் கடுமையாகும். அணையின் நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை விடுப்பது வழக்கம். 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கையும் விடுக்கப்படும். அளவுகோலில் முதல் எச்சரிக்கைக்கும் மூன்றாம் எச்சரிக்கைக்கும் இடையே உள்ளது 3 அடியே. நள்ளிரவில், கொட்டும் மழையில், விளக்கொளியில் அந்த 3 அடியைக் கண்ணிமையாது பார்த்து நிற்கும் ஒருவர் கண்ணயர்ந்தால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய பணிகளுக்குப் பலதிறப்பட்ட ஆட்கள் தேவைப்படுகின்றனர். அணையின் உடலையும் கால்வாய்களையும் காப்பவர் கட்டடப் பொறியாளர். மதகுக் கதவுகளையும் பொறிகளையும் பேணுபவர் இயந்திரப் பொறியாளர். வைகை அணையிலும், கூடலூரை அடுத்த லோயர்கேம்ப்பிலும், சுருளியாற்றிலும் உள்ள நீர்மின் நிலையங்களில் பணிபுரிபவர் மின்பொறியாளர். தேனி மாவட்டத்தில் மலைக் கணவாய்களின் வழியே வீசும் காற்றைக் கொண்டு சுழலும் காற்றாலைகளும் பொறியியல் கற்றோர்க்கு வேலை தருகின்றன. பட்டம் பெற்றவர்க்கே இவ்வேலைகள் என்று கருதுதல் தவறு. பொருத்துநர், பற்றவைப்பவர், மின்பணியாளர் ஆகிய தொழில்களைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயின்றோரும், பல்தொழில்நுட்பப் பள்ளிகளில் பட்டயம் பெற்றோரும் இல்லாமல் எந்த அணையும் எந்த மின்நிலையமும் ஒரு நாளும் இயங்காது. அரசின் பொறியியற் பணிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்தி ஆட்களைத் தெரிந்தெடுக்கின்றது. போடிநாயக்கனூரில் உள்ள அரசினர் பொறியியற் கல்லூரி இப்பகுதி மாணவர்க்குத் தம் மாவட்டத்திலேயே பொறியியல் கற்கும் வாய்ப்பை அளிக்கின்றது.

வேலை கிடைப்பது ஒன்று. கிடைத்த வேலையில் மனம் ஒன்றி நிற்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. காவற்பணியில் பெரும்பாலான நாள்களில் எதுவும் நிகழ்வதில்லை. நேற்றைய அளவே இன்றும் இருக்கும். இன்றைய அளவே நாளையும் இருக்கும். இந்நிலையில் மனம் சலிப்புறுதல் இயற்கை. உடல் பணியிடத்தில் இருக்கும். உள்ளம் வேறெங்கோ சென்றுவிடும். அளவுகோலை நேரிற் காணாமலே, "நேற்றுப் போலத்தான் இருக்கும்" என்று குறிப்பேட்டில் எழுதிவிடத் தோன்றும். நூறு நாள் அவ்வாறு எழுதினும் தீங்கு வாராமல் இருக்கலாம். நூற்றோராம் நாள் அவ்வாறு இராது.

வெள்ளத்தின் கொடுமையை நம் நாடு அறியும். 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள், குசராத்து மாநிலத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை உடைந்தது. அணையை வகுத்தோர் எதிர்பார்த்த அளவினும் மிக்க வெள்ளம் வந்து, மண்கரைகளின்மேல் வழிந்து, அவற்றை அரித்துவிட்டது. கீழே இருந்த மோர்வி நகருக்கு உரிய காலத்தில் எச்சரிக்கை சென்று சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இயற்கையின் சீற்றத்தை மனிதரால் முற்றும் தடுத்தல் இயலாது. ஆனால், விழிப்புள்ள கண்ணும், தடையின்றிச் செல்லும் செய்தியும் எத்துணை இன்றியமையாதவை என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது. அணைகளை மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் ஆய்வு செய்தல் வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் விதித்துள்ளது. சட்டம் ஆய்வு நாளைக் குறிக்கலாம். ஆய்வு செய்வோரின் மனத்தை அப்பணியில் இருத்துவது எது?

இவ்வினாவுக்கு விடை காண, வைகை அணைக்கும் மூத்த ஓர் அணையை நோக்குவோம். வைகைக்கு நீர் தரும் முல்லைப் பெரியாற்று அணையே அது. மேற்கு நோக்கிச் சென்று கடலிற் கலந்த பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்னும் எண்ணம், 1789-ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியது. பொருட்செலவு மிகுதி என்பதால் அது கைவிடப்பட்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடிய பஞ்சம், அவ்வெண்ணத்திற்கு மீண்டும் உயிர் தந்தது. பென்னிகுக் என்னும் பொறியாளர் தலைமையில் 1887-ஆம் ஆண்டு பணி தொடங்கியது. 1895-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள், சென்னை மாகாண ஆளுநர் வென்லாக்குப் பிரபு அவ்வணையைத் திறந்துவைத்தார்.

அப்பணி எளிதில் முடிந்ததன்று. ஆற்றைத் தடுக்க எழுப்பிய தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. அடர்ந்த காடும், காட்டு விலங்குகளும், ஓயாத மழையும் தொல்லை தந்தன. இவை அனைத்தினும் கொடியது மலைக்காய்ச்சல். அக்காய்ச்சலுக்கு அஞ்சி ஆட்கள் மலையேற மறுத்தனர். வந்தவரும் நோய் மிகுந்த மாதங்களில் பணியைவிட்டு இறங்கிச் சென்றனர். கூலியை உயர்த்தினால் மட்டும் அவர்களை நிறுத்திவைத்தல் இயலுமா? உயிருக்கு அஞ்சுபவரின் மனம் பணியில் ஒன்றுதல் எங்ஙனம்? அணை கட்டிய காலத்தில் நோயால் மாண்டு அவ்விடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டோர் 483 பேர் என்று குறிக்கப்பட்டுள்ளது.

பென்னிகுக்கின் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் மறந்திலர். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவரும் உண்டு. பாலார்பட்டி மக்கள் அவர் பெயரால் பொங்கலிட்டு மகிழ்கின்றனர். லோயர்கேம்ப்பில் அவருக்கு 2013-ஆம் ஆண்டு மணிமண்டபம் திறக்கப்பட்டது. நன்றி மறவாமை தமிழர் பண்பு அன்றோ! ஆயினும், அவருடன் உழைத்து மண்ணில் மறைந்தோருள் பெரும்பாலோரின் பெயர்களை நாம் அறியோம். பணியாளர் மனம் ஒன்றி உழைத்தல் வேண்டும் என்று விரும்பும் தலைவர் எவரும் முதலிற் கற்க வேண்டிய பாடம் இதுவே: உயிர்க்காப்பு முதலில்; ஊக்கவுரை பிறகு. தலைக்கவசமும், பிடிகயிறும், மிதவைச் சட்டையும், மருத்துவ உதவியும், தக்க ஊதியமும் தாராத ஒருவர், "ஆர்வத்துடன் உழையுங்கள்" என்று கூறுவது வெறுஞ்சொல்லே.

மனத்தைப் பணியில் இருத்தும் இரண்டாம் பொருள், பயனை அறிதல். வைகைக் கரை ஊர்களில் கண்மாய் மடைகளைக் காத்து வயல்களுக்கு நீர்பாய்ச்சும் ஊழியர் பன்னெடுங் காலமாக இருந்துவந்தனர். நீர்பாய்ச்சி என்றும், மடைக்குடும்பன் என்றும் அவர்களை அழைத்தனர். அறுவடைக் களத்தில் அவர்களுக்கு நெல் அளந்து கொடுப்பது மரபு. கடைமடை வயல் விளைந்தால் அவர் வீட்டுக் குதிரும் நிறையும். அது வாடினால் அவர் வீட்டு அடுப்பும் வாடும். ஆகவே, நள்ளிரவிலும் எவரும் ஏவாமலே மண்வெட்டியைத் தோளிலிட்டுக் கரைமேல் நடந்தார். தம் பணியின் பயன் எங்கே சென்று சேர்கின்றது என்பதை அவர் கண்ணாற் கண்டார். இக்காலத்தில் ஊதியம் களத்திலிருந்து வருவதில்லை, கருவூலத்திலிருந்து வருகின்றது. அது நன்றே, விளைச்சல் பொய்த்தாலும் ஊழியர் பட்டினி கிடப்பதில்லை. ஆனால், பயனை நேரிற் காணும் வாய்ப்புக் குறைந்துவிட்டது. அளவுகோலைக் குறிக்கும் இளைஞரை ஆண்டுக்கொரு முறை கடைமடை ஊருக்கு அழைத்துச் சென்று, அவர் திறந்துவிட்ட நீரால் விளைந்த வயலைக் காட்டினால், குறிப்பேட்டின் எண்கள் அவருக்கு நெற்கதிர்களாகத் தோன்றும்.

மூன்றாம் பொருள், செவிமடுத்தல். அமெரிக்க நாட்டில் சிகாகோ நகரை அடுத்து, ஹாதார்ன் என்னுமிடத்தில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே 1924 முதல் 1932 வரை சில ஆய்வுகள் நடைபெற்றன. விளக்கொளியை மிகுத்தால் வேலை மிகுமா என்று அறிய முற்பட்டனர். ஒளியை மிகுத்தபோது வேலை மிகுந்தது. ஒளியைக் குறைத்தபோதும் வேலை குறையவில்லை. பணியாளரை ஒருவர் பொருட்படுத்திக் கவனித்தமையே அவர்தம் ஊக்கத்திற்குக் காரணம் என்று எல்டன் மேயோ முதலிய அறிஞர் கருதினர். பிற்கால அறிஞர் சிலர், கூடுதல் ஊதியம் போன்ற பிற காரணங்களும் அங்கே இருந்தன என்று எடுத்துக்காட்டி, அம்முடிவை முழுதும் ஏற்றிலர். இரு சாராரும் கூறுவதைச் சேர்த்து நோக்கினால், ஊதியமும் வேண்டும், மதிப்பும் வேண்டும் என்பது தெளிவாகும்.

ஒரு காட்சியை மனக்கண்முன் கொண்டுவருவோம். மதகுக் காவலர் ஒருவர் இளம்பொறியாளரிடம் வந்து, "ஐயா, மூன்றாம் மதகுப் பொறியைச் சுழற்றும்போது இரண்டு நாளாக ஒரு புதிய ஓசை கேட்கிறதுங்க" என்கிறார். பொறியாளர், "உமக்கு என்ன தெரியும்? போய் உம் வேலையைப் பாரும்" என்று கடிந்தால் என்ன நிகழும்? அடுத்தமுறை ஓசை கேட்டாலும் அவர் வாய் திறவார். நாளடைவில் அவர் செவியும் அதனைக் கேட்பதை விட்டுவிடும். மாறாக, "வாருங்கள் பெரியவரே, இருவரும் சென்று பார்ப்போம்" என்று அப்பொறியாளர் எழுந்தால், தேய்ந்த பற்சக்கரம் ஒன்று உரிய காலத்தில் கண்டறியப்படும். அதனினும் பெரியது ஒன்று உண்டு. அன்றுமுதல் அக்காவலர் தம்மை வெறுங் கூலியாள் என்று எண்ணார். அணையின் காவலர் என்றே எண்ணுவார்.

நான்காம் பொருள், கற்றலும் வளர்தலும். இருபது ஆண்டு ஒரே பணியை ஒரே முறையிற் செய்பவர் சலிப்புறுவார். ஒவ்வோராண்டும் புதியதொன்றைக் கற்பவர் சலிப்புறார். சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, மின்பொறியியற் பட்டம் பெற்ற இந்தியப் பெண்களுள் முதல்வராகத் திகழ்ந்தவர் லலிதா அம்மையார். இளமையிலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் நின்ற அவர், துயரிலே மூழ்கிவிடாமற் கல்வியைப் பற்றிக்கொண்டார். பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பணிகளிலும் அவர் உழைப்பு இடம்பெற்றது. பொறியியல் ஆடவர்க்கே உரியது என்று கருதப்பட்ட காலத்தில், கற்கும் ஆர்வமே அவரை அப்பணியில் நிலைபெறச் செய்தது. பணியாளர்க்குப் பயிற்சி அளித்து, திறமைக்கேற்ப உயர்வு தரும் நிறுவனத்தில், பணியாளரின் மனம் வெளியே அலைவதில்லை.

இவை யாவும் தலைவரின் கடமைகள். பணியாளர்க்கும் ஒரு கடமை உண்டு. பயனைக் காட்டுவார் இல்லாவிடினும் தாமே அதனைத் தேடிக் காணுதல் வேண்டும். பாராட்டுவார் இல்லாவிடினும் குறிப்பேட்டில் மெய்யையே எழுதுதல் வேண்டும். நல்ல காவலின் பெருமை விந்தையானது. அவர் தம் பணியைச் செவ்வனே செய்தால் எதுவும் நிகழ்வதில்லை. எதுவும் நிகழாமையால் அவரைப் புகழ்வார் யாரும் இல்லை. உடையாத கரையும், மூழ்காத ஊரும், அமைதியாக உறங்கி எழுந்த குழந்தைகளுமே அவர் பெற்ற பரிசு.

மாணவர்களே, நாளை உங்களுட் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் தொழில்நுட்ப ஊழியர் ஆவீர்கள். சிலர் பலரை வழிநடத்தும் தலைவர் ஆவீர்கள். வேலையைத் தெரிந்தெடுக்கும்போது, "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று வினவுங்கள், அது தவறன்று. அதனோடு, "என்னால் யாருக்கு என்ன கிடைக்கும்?" என்றும் வினவுங்கள். முதல் வினாவின் விடை உங்களைப் பணியிற் சேர்க்கும். இரண்டாம் வினாவின் விடை உங்களைப் பணியில் நிலைநிறுத்தும்.

அடுத்த முறை வைகை அணைக்குச் செல்லும்போது, நீரின் அழகைக் கண்டு மகிழுங்கள், பூங்காவில் ஓடியாடுங்கள். திரும்பி வருமுன், அணைமேல் குறிப்பேட்டுடன் நடந்து செல்பவரை ஒருமுறை நின்று நோக்குங்கள். "ஐயா, இன்று நீர்மட்டம் எத்தனை அடி?" என்று கேளுங்கள். அவர் மகிழ்ந்து விடை கூறுவார். அவர் பணியைப் பொருட்படுத்தி வினவிய ஒருவரேனும் அன்று இருந்தார் என்னும் நிறைவுடன், அன்றிரவு அளவுகோலை மேலும் ஒருமுறை கூர்ந்து நோக்குவார்.